ஷேவ் முடிஞ்சாச்சு... பிளேடை என்ன செய்றீங்க?

ஷேவிங் முடிந்ததும் முகத்துக்கு என்னென்னவோ செய்கிறோம். படிகாரம் தேய்க்கிறோம், ஆஃப்டர் ஷேவ் போடுகிறோம், மாய்ஸ்சரைசர் தடவுகிறோம். ரேசருக்கு? குழாயில் ஒரு காட்டு காட்டிவிட்டு, சோப்பு டப்பா பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓட்டம்தான். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் வரட் வரட்டென்று இழுக்கிறது. ‘இந்த பிராண்டு சரியில்லப்பா’ என்று அடுத்த தடவை வேறு பாக்கெட் வாங்குகிறோம்.

கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்து மிரண்டு, தாத்தா காலத்து சேஃப்டி ரேசருக்குத் திரும்பிய இளைஞர்கள் இப்போது பலர். இரண்டு பக்கமும் கூர் உள்ள, பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதே பிளேடுதான். வாங்குவது சுலபம். ஆனால் ஷேவிங்குக்குப் பிறகு அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் பாக்கெட்டில் எழுதித் தருவதில்லை. தேய்ந்துபோன பிளேடை எங்கே போடுவது என்பதும் அப்படித்தான். முதல் விஷயத்தில் கோட்டை விட்டால் நம் கன்னம் எரியும், அவ்வளவுதான். இரண்டாவதில் கோட்டை விட்டால் வேறொருவர் கை கிழியும்.

பிளேடு எதனால் மழுங்குகிறது?

ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதன் ஓரத்தைச் சாய்வாகத் தீட்டித் தீட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கூராக்குகிறார்கள். உள்ளே இருப்பது சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் கூர்முனைக்கு மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பது போன்ற டெஃப்லான் வகைப் பூச்சு. முகத்தில் பிளேடு வழுக்கிக்கொண்டு போவது இந்தக் கடைசிப் பூச்சால்தான். பாக்கெட்டின் மேல் ‘பிளாட்டினம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து பிளேடே பிளாட்டினம் என்று நினைக்க வேண்டாம். அது தங்க முலாம் மாதிரி, ஒரு துளியூண்டு.

இவ்வளவு கடினமான இரும்பை, மெத்தென்ற தாடி முடி எப்படி மழுக்குகிறது? தேய்ந்து தேய்ந்து கூர் போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெம் டாசான் என்ற உலோகவியல் பேராசிரியரின் குழு இதை ஆராய்ந்து, 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த கியான்லூகா ரோஷியோலி என்ற ஆராய்ச்சி மாணவர், தானே ஷேவ் செய்து, ஒவ்வொரு ஷேவுக்குப் பிறகும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்தார். (பிஎச்.டி.க்காக ஷேவ் செய்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.)

படத்தில் தெரிந்தது தேய்மானம் அல்ல. கூர்முனையில் அங்கங்கே சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்து போயிருந்தன. பீங்கான் தட்டின் ஓரம் உடைந்து போகுமே, அப்படி. முடி பிளேடைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது நேராக நிற்காமல் வளைந்து, சாய்ந்த கோணத்தில் முனையைத் தள்ளும்போது, அந்த இடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு சீராக இல்லாமல் இருந்தால் அங்கிருந்து ஒரு துணுக்கு பெயர்கிறது. ஒரு இடம் பெயர்ந்தால் அடுத்த முடி அங்கேயே மாட்டி இன்னும் கொஞ்சம் பெயர்க்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு கசப்பான உண்மை கிடைக்கிறது. பிளேடைக் கொல்வதில் பெரும்பங்கு ஷேவிங்குக்குத்தான். ஷேவிங்குக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் பெயர்ந்த சில்லு திரும்ப ஒட்டாது. ஆகவே ‘இதைச் செய்தால் ஒரே பிளேடு ஆறு மாதம் வரும்’ என்று யாராவது வீடியோ போட்டால் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நம் கையில் இருப்பது வேறு. முடி செய்த சேதத்தோடு துருவும் அழுக்கும் நம் அவசரமும் சேர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளலாம். ‘ஸ்டெயின்லெஸ்ஸா இருந்துமா துரு பிடிக்கும்?’ என்று கேட்கலாம். நம்ம ஊர் தண்ணீரில் பிடிக்கும்.

உப்புத் தண்ணி செய்யும் வேலை

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய கவசத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தால்கூட ஆக்சிஜன் கிடைத்தவுடன் அந்த இடம் தானாக மூடிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, உப்பில் இருக்கும் குளோரைடு. இன்னொன்று, காற்று புகாத ஈர இடுக்கு.

ரேசரின் தலையைக் கவனித்தால் தெரியும். மேல் தகடுக்கும் கீழ் தகடுக்கும் நடுவே பிளேடு இறுக்கமாக மாட்டியிருக்கிறது. அந்த இடுக்கில் சிக்கிய தண்ணீர் ஃபேன் காற்றுக்குக்கூட சீக்கிரம் காயாது. அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்து, உள்ளே ஆக்சிஜனும் குறைந்தால், கவசம் உடைந்த இடம் மூடாமல் அங்கே ஊசிக்குத்து மாதிரி துருப்புள்ளி விழுகிறது. பாத்திரத்தில் ஒரு துருப்புள்ளி என்றால் கவலை இல்லை. பிளேடின் முனை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால், அங்கே சின்னப் புள்ளியும் பெரிய பள்ளம்தான்.

நாம் ‘உப்புத் தண்ணி’ என்று ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. கடலோரப் பகுதியின் போர்வெல் தண்ணீரில் நிஜமாகவே குளோரைடு அதிகம் இருக்கும். உள்மாவட்டங்களில் பல இடங்களில் பிரச்சினை கால்சியம், மெக்னீசியம். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அதுதான். இந்தக் கால்சியம் ஷேவிங் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பிசுக்கு ஒன்று உருவாகும். உங்கள் ரேசர் இடுக்கில் சாம்பல் கலரில் மாவு மாதிரி ஒட்டியிருப்பது இதுவும் வெட்டிய முடியும் சேர்ந்த கலவை. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் தடுப்பாகவும் நிற்கும். பல சமயம் ‘பிளேடு மழுங்கிடுச்சு’ என்று நாம் தூக்கிப் போடுவது, கழுவினால் இன்னும் இரண்டு ஷேவ் வந்திருக்கும் பிளேடைத்தான்.

ஒரு நிமிட வேலை

ஷேவ் முடிந்ததும் ரேசரை ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்திலிருந்தும் தண்ணீர் பாய வேண்டும். பிறகு கைப்பிடியை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். இப்போது பிளேடுக்கு மேலும் கீழும் ஒரு இழை இடைவெளி கிடைக்கும். அதன் வழியாகத் தண்ணீர் ஓடினால் உள்ளே அடைத்திருந்த சோப்பும் முடியும் வெளியே வந்துவிடும். கைப்பிடியின் அடியைத் திருகினால் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும் வகை ரேசர் என்றால் இன்னும் சுலபம், லேசாகத் திறந்து கழுவலாம்.

வாஷ்பேசின் ஓரத்தில் டக் டக்கென்று தட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முடி இடித்தே சில்லு பெயர்கிறது என்றால் பீங்கான் இடித்தால் என்ன ஆகும்? மக்கில் தண்ணீர் எடுத்து அதற்குள் ரேசரை ஆட்டினாலே போதும்.

உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் என்றால், கடைசியாக அரை டம்ளர் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ தலைப்பகுதி மேல் ஊற்றுங்கள். கொஞ்சம் ஓவராகத் தோன்றலாம். ஆனால் பிளேடில் தங்கும் கடைசித் துளியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் மறுநாள் காலை வரை நடப்பதைத் தீர்மானிக்கிறது.

அப்புறம் நான்கைந்து முறை நன்றாக உதறுங்கள். பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு உதறுங்கள். தளர்த்தியதைத் திரும்ப இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். ஈரமான திட்டில் படுக்க வைத்தால் கழுவியது வீண். முடிந்தால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான அலமாரியில், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம். ஷவருக்குக் கீழே இருக்கும் ஸ்டாண்டைவிட மோசமான இடம் கிடையாது. குளிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் பிளேடை ஒருமுறை நனைத்துவிட்டுப் போவார்கள்.

தினமும் பிளேடை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டுமா? சிலர் அதைத்தான் சிறந்த வழி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விரல் வெட்டுப்படும் வாய்ப்பு ஒன்று கூடுகிறது, திரும்ப மாட்டும்போது கோணலாக உட்காரும் வாய்ப்பு இன்னொன்று. ஒரு வாரத்துக்கு மேல் ஷேவ் செய்யப் போவதில்லை, ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் எடுத்து உலர வைத்துவிட்டுப் போகலாம். எடுக்கும்போது கூர் இல்லாத இரண்டு குட்டை ஓரங்களைத்தான் பிடிக்க வேண்டும். கை வழுக்கி பிளேடு வாஷ்பேசினில் விழுந்துவிட்டால் நகத்தால் நெண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். பாத்திரத்துக்கு வாங்கும் எவர்சில்வரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, ஆனால் பிளேடு ஸ்டீலில் நன்றாக ஒட்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மை போதும்.

துடைக்கலாமா? தீட்டலாமா?

துண்டாலோ டிஷ்யூவாலோ பிளேடின் கூரைத் துடைக்காதீர்கள். நான்ஸ்டிக் கல்லை யாராவது கம்பி நார் போட்டுத் தேய்ப்பார்களா? முனையில் இருக்கும் அந்த மெல்லிய பூச்சுக்கு டவல் நூலும் உரசல்தான். நூல் மாட்டி இழுத்தால் முனைக்கும் கேடு, துண்டுக்கும் கேடு, விரலுக்கும் கேடு.

‘எங்க தாத்தா தினமும் பிளேடைக் கழற்றி, துடைத்து, மெழுகுத் தாளில் மடித்து வைப்பாரே’ என்று கேட்கலாம். அவர் செய்தது சரிதான். அந்தக் காலத்து பிளேடு கார்பன் ஸ்டீல். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு. ஸ்டெயின்லெஸ் பிளேடு பெரிய அளவில் சந்தைக்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில், பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம் கொண்டுவந்த பிறகுதான். பிளேடு மாறிவிட்டது, பழக்கம் மட்டும் வீட்டுக்கு வீடு தொடர்கிறது.

அதே மாதிரி இன்னொரு பழைய வித்தை, கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் பிளேடைத் தேய்த்துக் கூராக்குவது. இப்போது அதன் புதிய அவதாரம் ஜீன்ஸ் துணியில் தேய்ப்பது. மேலே பூச்சு இல்லாத பழைய கார்பன் பிளேடுக்கு அது ஓரளவு உதவியிருக்கலாம். இப்போதைய பிளேடின் முனை மடங்குவதைவிடப் பெயர்வதுதான் அதிகம் என்று நுண்ணோக்கிப் படங்கள் காட்டிய பிறகு, பெயர்ந்ததை எதில் தேய்த்து நிமிர்த்துவது? பூச்சு போவதுதான் மிச்சம். விரல் போனால் அது தனிச் செலவு.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பிரமிடு கதை. அன்றைய செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த கரேல் டிர்பால் என்பவர், எகிப்து பிரமிடு வடிவத்தில் ஒரு அட்டைப்பெட்டி செய்து, அதற்குள் பிளேடை வைத்தால் கூர் தானாகத் திரும்பும் என்று சொல்லி, 1959-ல் அதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். பிரமிடுக்கு அந்த சக்தி கிடையாது. காய்ந்த பெட்டியில் வைத்த பிளேடு, ஈர பாத்ரூமில் கிடக்கும் பிளேடைவிட நன்றாக இருக்கும். இதற்கு பிரமிடு எதற்கு, பிஸ்கட் டப்பாவே போதும்.

எண்ணெய், ஸ்பிரிட் விஷயம் அப்படி இல்லை. அதில் விஷயம் இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ரேசர் தலையை ஒருமுறை முக்கி எடுத்தால், அது இடுக்கில் உள்ள தண்ணீரைக் கலந்து வெளியேற்றிவிட்டுச் சீக்கிரம் ஆவியாகிவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும் ஷேவ் செய்பவர்களுக்கும் இது உதவும். ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன சானிட்டைசர் ஜெல் இதற்கு ஆகாது, அது காய்ந்தபின் பிசுக்கு நிற்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலும் ஈரம் அண்டாது. ஆனால் அடுத்த முறை கழுவிவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும், பருத் தொல்லை இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. தினமும் ஷேவ் செய்து, கழுவி உதறி வைப்பவருக்கு இது இரண்டுமே தேவையில்லை.

டெட்டால் கலந்த தண்ணீரில் ரேசரைப் போட்டு ஊறவைப்பது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. பிளேடுக்குத் தண்ணீரில் ஊறுவதுதான் ஆகாது, அதில் எதைக் கலந்தாலும் சரி. படிகாரம் தேய்த்த ஈரக் கையோடு ரேசரை எடுத்தாலும் ஒரு தடவை அலசிவிடுங்கள். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. விலை குறைந்த ரேசர்களின் தலை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் செய்து மேலே குரோமியம் முலாம் பூசியது. அமிலம் அதற்குப் பகை. வெள்ளைப் படிவத்தைப் போக்க வினிகரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் முலாம் பொரிந்த ரேசரோடு நிற்காதீர்கள். பழைய டூத்பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு, மாதம் ஒருமுறை பிளேடைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால் போதும்.

எத்தனை ஷேவ்?

பலருக்கும் ஒரு பிளேடு 3 முதல் 7 ஷேவ் வரை வரும். தாடி முரட்டுத்தனமாக இருந்தால் குறையும். எண்ணிக்கையைவிட முகம் சொல்வதைக் கேளுங்கள். இழுத்தால், எரிந்தால், ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை ஓட்ட வேண்டியிருந்தால், முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். அப்பவும் சரியில்லையா, மாற்றிவிடுங்கள். சில ரூபாய்ப் பொருளை இழுத்துப் பிடித்து முகத்தில் கொப்புளம் வாங்கி, அதற்கு நூற்றுக்கணக்கில் கிரீம் வாங்குவது என்ன கணக்கு?

துருப்புள்ளி தெரிந்தாலும் மாற்றுவதுதான் சரி. துருப்பிடித்த பிளேடு வெட்டினாலே தனுர்வாதம் வரும் என்பது அப்படியே உண்மை இல்லை. அந்த நோயை உண்டாக்கும் கிருமி துருவில் பிறப்பதல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. பாத்ரூம் அலமாரியில் துருப்பிடித்த பிளேடு சருமத்தைக் கீறும், எரிச்சல் தரும். அதே பிளேடு குப்பையில் கிடந்து ஒருவரின் கையை ஆழமாக வெட்டும்போதுதான் தனுர்வாதப் பயம் நிஜமாகிறது.

ஹாஸ்டலிலும் பேச்சுலர் ரூமிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘மச்சி, ரேசரைக் குடுடா’ என்று கேட்டால் புது பிளேடு மாட்டிக்கூடக் கொடுக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். அது பிளேடில் மட்டுமல்ல, ரேசர் தலையின் இடுக்கிலும் இருக்கலாம். கழுவினேன், ஸ்பிரிட் போட்டேன் என்பதெல்லாம் பிளேடைக் காப்பாற்ற, நண்பனைக் காப்பாற்ற அல்ல. சலூனிலும் பாதி பிளேடைப் புதிதாக உடைத்து மாட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கேபின் பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

தேய்ந்த பிளேடு எங்கே போகிறது?

இந்த பிளேடு பிறந்ததே தூக்கி எறிவதற்காகத்தான். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதி, சாணை பிடிக்கத் தேவையில்லாத, மழுங்கினால் எறிந்துவிடும் பிளேடை யோசித்தார். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே காப்புரிமையும் வந்தது, விற்பனையும் எகிறியது. ‘எறிந்துவிடலாம்’ என்பது சரி, எங்கே எறிவது? இதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த விடை விசித்திரமானது. பாத்ரூம் சுவரில் பதிக்கும் மருந்து அலமாரியின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் துளை வைத்தார்கள். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் விழும். அவ்வளவுதான், கண்ணில் படாது. இன்றும் அங்கே பழைய வீடுகளை இடிக்கும்போது சுவரிலிருந்து துருப்பிடித்த பிளேடுகள் கொத்துக் கொத்தாகக் கொட்டுகின்றன. இடிப்பவர் பாடு திண்டாட்டம்.

நம்ம வீட்டில் சுவருக்குள் இடமில்லை. அதனால் ஜன்னல் மேல், கதவு நிலை மேல், டியூப்லைட் பட்டி மேல் வைப்போம். அங்கேயும் இடம் போதாமல் போனால் குப்பைக்கூடை. பேப்பரில் மடித்துப் போட்டேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். அந்தப் பேப்பர் காய்கறிக் கழிவோடும் டீத்தூளோடும் சேர்ந்து அரைமணி நேரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். பிளேடு கூரோடு அப்படியே இருக்கும். முகத்துக்குத்தான் அது மழுங்கிய பிளேடு, விரலுக்கு அல்ல.

அந்தக் குப்பை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் நாம் பிரிக்காமல் கொடுத்ததைத் தன் கையால் பிரிக்கிறார். கையுறை எல்லோர் கையிலும் எப்போதும் இருப்பதில்லை. இருந்தாலும் மெல்லிய ரப்பர் கையுறையைக் கிழிக்க பிளேடுக்கு ஒரு நொடி போதும். வெட்டுப்பட்டால் அன்றைய வேலை போகும், தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அது யார் ரத்தம் பட்ட பிளேடு என்றும் அவருக்குத் தெரியாது. குப்பைத்தொட்டியில் மேயும் மாட்டுக்கும் இதே கதிதான். மாடு முதலில் நன்றாக மெல்லாமல் விழுங்கிவிடும். ஆணி, கம்பி, பிளேடு மாதிரியானவை அதன் இரண்டாவது இரைப்பை அறையில் தங்கி, பக்கத்திலிருக்கும் இதயம் வரை துளைத்துக்கொண்டு போகக்கூடும்.

கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்வது இன்னும் மோசம். அடைப்பு எடுக்க வருபவர் குழாய்க்குள் கை விடும்போது அது அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. அபாயக் கழிவில் பேட்டரி, காலாவதி மாத்திரை, பயன்படுத்திய ஊசி ஆகியவை வரும். அந்தப் பட்டியலில் பிளேடின் பெயர் தனியாகச் சொல்லப்படவில்லை. ஆனால் ரத்தம் பட்ட கூரான பொருள் என்ற வகையில் ஊசிக்கும் பிளேடுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊசி மாதிரியே நடத்துவதுதான் நியாயம்.

அதற்குத் தேவை ஒரு உண்டியல். காசு உண்டியல் மாதிரியே, பிளேடு உண்டியல். மில்க்மெய்டு டின், பவுடர் டப்பா, மூடி இறுக்கமான எந்தத் தகர டப்பாவாக இருந்தாலும் சரி. மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் துளை போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். துளை வழியாக உள்ளே போகும், வெளியே வராது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலைவிடத் தகரம் மேல், நசுங்கினாலும் கிழியாது. சில பிராண்டு பிளேடுகளின் பிளாஸ்டிக் பெட்டியிலேயே பின்பக்கம் பழைய பிளேடைச் சொருக ஒரு இடம் இருக்கும். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

டின் சீக்கிரம் நிரம்பிவிடுமே என்ற கவலை வேண்டாம். கணக்குப் போடுங்கள். வாரம் ஒரு பிளேடு என்றால் வருஷத்துக்கு 52. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அரை சென்டிமீட்டர் உயரம்தான். குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் இடம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் ஒரு சின்ன டின் பல வருஷம் வரும். அப்பா, தம்பி, பக்கத்து ரூம் நண்பர் எல்லோரும் அதிலேயே போடலாம். அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தைத்த துணியைப் பிரிக்க, பென்சில் சீவ என்று அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாமே என்ற ஆசை வரும். அதற்குத்தான் டேப்.

பிளேடைக் கையால் இரண்டாக உடைத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இது வளையாது, வளைவது மாதிரி வளைந்து படீரென்று சிதறும். கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உண்டியல் இருந்தால் உடைக்கும் வேலையே இல்லை. வெளியூரில் லாட்ஜில் தங்கும்போது மாற்ற வேண்டி வந்தால், பழையதை அதன் தாளில் மடித்து, மேலே நான்கு சுற்று செல்லோ டேப் ஒட்டி, பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அறைக் கூடையில் போட்டால், அதைக் காலி செய்பவர் கவரை அமுக்கித்தான் எடுப்பார்.

டின் நிரம்பியதும் துளையையும் டேப்பால் மூடுங்கள். மேலே பெரிய எழுத்தில் ‘பழைய பிளேடு – திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதாக இருந்தால் மற்ற குப்பையோடு சேர்க்காமல், கையில் கொடுத்து, ‘அண்ணே, இதுல பிளேடு இருக்கு’ என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பழைய இரும்புக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். டின்னும் உள்ளே இருப்பதும் எல்லாமே இரும்பு, மொத்தமாக உருக்கலாம். எடைக்கு எடுத்துக்கொண்டால் இரண்டு மூன்று ரூபாய்கூடத் தேறாது. திறந்து கொட்டி எடை போட வேண்டாம், டின்னோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.